‘சொல்’ என்பதற்கு இத்தனை சொற்கள்: எதை எந்த வாக்கியத்தில் வைப்பது?

டியூஷன் டீச்சர் (திருநகர்):

மாலை நேரத்தில் வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் “நான் அம்மாவிடம் பொய் இயம்பினேன்” என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். அவன் கையில் இருக்கும் துணைநூலில் ‘சொல்’ என்பதற்கு நேராகக் கூறு, உரை, மொழி, பேசு, செப்பு, இயம்பு, விளம்பு, பகர், நவில், நுவல், அறை, சாற்று, கழறு, புகல், கிளத்து என்று ஒரே வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். எதை எடுத்து வைத்தாலும் சரிதான் என்று பையன் நினைத்துக்கொண்டான். அவன்மேல் குற்றமில்லை.

சிவப்பு மையால் அடித்துவிட்டேன். “ஏன் டீச்சர் தப்பு?” என்று கேட்டான். “அப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை” என்றேன். அவனுக்கு அது போதவில்லை, எனக்கும் போதவில்லை. தயவுசெய்து இன்னொரு பட்டியல் தராதீர்கள், பட்டியல் என்னிடம் நிறைய இருக்கிறது. எது எந்த வாக்கியத்தில் உட்காரும், எதில் உட்காராது என்று எடுத்துக்காட்டோடு எழுதுங்கள்.

மாடக்குளத்தான்:

துணைநூல்காரரை மட்டும் குறை சொல்வானேன்? அந்த வரிசை நிகண்டிலிருந்து, அதாவது செய்யுளில் எழுதிய பழைய சொற்பொருள் தொகுப்பிலிருந்து வருவது. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நமக்கு நிகண்டுகள் வந்ததே செய்யுள் செய்கிறவர்களுக்கும் செய்யுள் படிக்கிறவர்களுக்கும்தான். திவாகரத்தில் 12 தொகுதிகள். வெண்பா எழுதுகிறவனுக்கு ‘கூறினான்’ தளை தட்டினால் ‘இயம்பினான்’ கை கொடுக்கும். ‘ப’ மோனை வேண்டுமென்றால் ‘பகர்ந்தான்’ இருக்கிறது. அவனுக்குச் சீரும் எதுகையும் முதல் கவலை, அதனால் அந்தச் சலுகை உண்டு. உரைநடைக்கு வந்த பிறகு சலுகை ரத்து. பள்ளிப் பிள்ளைக்கு நிகண்டைக் கொடுத்துவிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னால் பொய்யை இயம்பத்தான் செய்வான்.

தெற்குவாசல்:

பொய்யை இயம்பினால் அம்மா உடனே கண்டுபிடித்துவிடுவார். பொய் சொல்லத்தான் வேண்டும். ‘பொய் கூறினான்’ என்பதே எனக்குக் காவல் நிலைய வாசனை அடிக்கிறது.

பேப்பர்காரர்:

தெற்குவாசல் விளையாட்டாக எழுதியதில் விஷயம் இருக்கிறது. நான் நாளிதழ் ஒன்றில் செய்தி திருத்தும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் மேசையில் இந்தச் சொற்களுக்கு எழுதாத சட்டம் உண்டு. மேடையில் ஒருவர் பேசினால் “கூட்டத்தில் அவர் பேசியதாவது”. அதே ஆள் மேடையை விட்டு இறங்கி விமான நிலைய வாசலில் நின்றால் “செய்தியாளர்களிடம் அவர் கூறியதாவது”. அறிக்கை விட்டால் “அறிக்கையில் தெரிவித்திருப்பதாவது”. ‘சொன்னார்’ என்று எழுதிக்கொண்டு வருகிற புது நிருபருக்கு முதல் நாளே திருத்தம் விழும்.

நீதிமன்றச் செய்தி இன்னும் கறார். 2004-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்த பிறகு தினமும் அந்தச் செய்திதான். நீதிபதி சொல்லமாட்டார். கேள்வி எழுப்புவார், கருத்துத் தெரிவிப்பார், உத்தரவிடுவார், தீர்ப்புக் கூறுவார் அல்லது வழங்குவார். ஊர்ப் பஞ்சாயத்தில் மட்டும் பெரியவர் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு என்னவோ தீர்ப்புதான். மரத்தடியில் சொன்னால் சொல், கட்டடத்துக்குள் போனால் கூறு.

இன்னொரு நுணுக்கம். “முன்விரோதமே காரணம் என்று கூறப்படுகிறது” என்று எழுதினால் போலீஸ் தரப்பில் யாரோ கொடுத்த தகவல், பொறுப்பு எங்களுடையது இல்லை என்று பொருள். “என்று சொல்லப்படுகிறது” என்றால் ஊரில் உலவும் செய்தி. “என்று பேசப்படுகிறது” என்றால் வதந்தி. இவற்றை மாற்றிப் போட்டுவிட்டு வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு விழித்துப் பயனில்லை.

டியூஷன் டீச்சர்:

நன்றி ஐயா. கடைசிப் பத்தியைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. ‘பேசு’ என்பது மற்றவற்றோடு ஒரே வரிசையில் நிற்கவே நிற்காது போலிருக்கிறதே. “நாளை வருவேன் என்று சொன்னான்”, “நாளை வருவேன் என்று கூறினான்” இரண்டும் சரி. “நாளை வருவேன் என்று பேசினான்” இடிக்கிறது. ஆனால் “மழை வரும் என்று பேசிக்கொண்டார்கள்” சரியாகத்தான் இருக்கிறது.

மாடக்குளத்தான்:

ஏனென்றால் ‘சொல்’ செய்தியைப் பார்க்கிறது, ‘பேசு’ செயலைப் பார்க்கிறது. குழந்தை பேச ஆரம்பித்துவிட்டது என்கிறோம். சொல்ல ஆரம்பித்துவிட்டது என்பதில்லை. “என்ன சொன்னார்?” என்றால் ஒரு வரியில் பதில் வரும். “என்ன பேசினார்?” என்றால் உட்கார்ந்து கேட்க வேண்டும். சொல்வதற்கு ஒருவர் போதும், பேசுவதற்குப் பெரும்பாலும் இருவர் வேண்டும். அதனால்தான் அது ‘அவரோடு’, ‘அவருடன்’ என்று துணை தேடுகிறது. “அவரோடு சொன்னேன்” என்று மதுரைப் பக்கம் யாரும் எழுதமாட்டார்கள்.

கீழமாசி வீதி:

நான் பலசரக்குக் கடைக்காரன், இலக்கணம் படித்தவனில்லை. ஆனால் இந்த இரண்டுக்கும் இடையில்தான் என் பிழைப்பே நடக்கிறது. விலை சொல்வது நான். விலை பேசுவது வாடிக்கையாளரும் நானும். “மல்லி என்ன விலை சொல்கிறீர்கள்?” என்று கேட்டால் அந்த விலைக்கு வாங்கப்போவதில்லை என்று அர்த்தம். பேசி முடித்தால்தான் வியாபாரம். சம்பந்தமும் அப்படித்தானே? பெண் வீட்டில் பேசினோம், பேசி முடித்தோம் என்கிறோம்.

அப்புறம் ‘கூறு’. காய்கறிச் சந்தையில் கத்தரிக்காயைச் சிறு சிறு குவியலாக வைத்துக் கூறு கட்டி விற்பார்கள், “கூறு பத்து ரூபாய்” என்று. அந்தக் கூறுக்கும் இந்தக் கூறுக்கும் உறவு உண்டோ என்னவோ, பிரித்துப் பிரித்து அடுக்கிச் சொல்வதைக் ‘கூறுதல்’ என்று நினைத்துக்கொண்டால் எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் தாத்தா என்னைக் ‘கூறுகெட்டவனே’ என்பார். அது எந்தக் கூறு என்று டீச்சர்தான் விளக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். இந்தப் பட்டியலில் இருக்கும் ‘செப்பு’ எங்களுக்கு இலக்கியச் சொல்லே இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து செப்பிக்கொண்டுதான் இருக்கிறோம்.

மேலூர்க்காரி:

எல்லோரும் புத்தகத்தையும் கடையையும் பார்க்கிறீர்கள். வீட்டுக்குள் ‘சொல்’ செய்கிற வேலையை யாரும் எழுதவில்லையே.

எங்கள் பக்கம் ‘சொல்’ என்றால் அழைப்பது. “கல்யாணத்துக்குச் சொல்லிவிட்டு வந்தோம்” என்றால் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பத்திரிகையோடு வீட்டுக்குப் போய், பெரியவர்கள் கையில் கொடுத்து, “எல்லோரும் குடும்பத்தோடு முதல் நாளே வந்துவிட வேண்டும்” என்று வாயால் கேட்டுக்கொண்டு வந்தோம் என்று பொருள். என் சின்ன மாமனார் வீட்டுக்கு ஒருமுறை பத்திரிகை தபாலில் போய்விட்டது. அவர் கல்யாணத்துக்கு வரவில்லை. கேட்டதற்கு, “பத்திரிகை வந்தது, ஆனால் எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே” என்றார். அச்சடித்த காகிதம் அவர் கணக்கில் சொன்னதாகாது. இந்த இடத்தில் ‘கூறவில்லையே’ என்று போட்டுப் பாருங்கள், மொத்த வருத்தமும் காணாமல் போய்விடும்.

சாவு வீட்டிலும் இதே சொல்தான். யாராவது இறந்துவிட்டால் உறவுக்காரர்களுக்குக் கேதம் சொல்லி அனுப்புவார்கள். இப்போது செல்போனில் முடிந்துவிடுகிறது. முன்பு ஆள் போகும். “வெள்ளலூருக்குக் கேதம் சொல்ல ஆள் போய்விட்டதா?” என்றுதான் கேட்பார்கள். கேதம் கூறுவதோ தெரிவிப்பதோ கிடையாது. அந்த ஆள் வாசலில் நின்றபடியே செய்தியைச் சொல்வார்; நல்ல காரியத்துக்கு வந்தவரைப் போல உள்ளே வந்து உட்காரமாட்டார். அதே கேத வீட்டுக்குப் போனவர்கள் திரும்பும்போது சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. மற்ற வீடுகளில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினால் தப்பு, இங்கே சொல்லிக்கொண்டு கிளம்பினால் தப்பு. ‘சொல்லிக்கொள்’ என்றால் விடைபெறுவது என்று அந்தப் பையனின் துணைநூலில் இருக்கிறதா?

இன்னொன்று, அம்மன் கோயில் திருவிழா. “பொங்கல் சாட்டியாகிவிட்டது” என்றால் ஊருக்கு முறைப்படி அறிவித்தாயிற்று. பட்டியலில் உள்ள ‘சாற்று’ எங்கள் வாயில் ‘சாட்டு’ என்று வாழ்ந்துகொண்டிருக்கிறது. சாட்டிய பிறகு ஊரைவிட்டு வெளியே தங்கக் கூடாது என்று கட்டுப்பாடும் உண்டு. வெறுமனே ‘சொல்லியாயிற்று’ என்றால் அந்தக் கட்டு வராது.

தெற்குவாசல்:

மேலூர்க்காரி அக்கா எழுதியதைப் படித்ததும் எங்கள் அத்தை வீட்டுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொல்வது என்று முடிவு செய்துவிட்டோம். வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பியிருந்தோம்.

நாஞ்சில் வரவு:

நாகர்கோவிலில் பிறந்து மதுரைக்கு வேலைக்கு வந்தவன் நான். ‘விளம்பு’ என்ற சொல்லை வைத்து என் கதை ஒன்று. எங்கள் ஊரில் விளம்புவது என்றால் பரிமாறுவது. பந்தியில் சோறு விளம்புவார்கள், பிறகு பருப்பு விளம்புவார்கள், கடைசியில் பாயசம். வந்த புதிதில் மதுரையில் ஒரு கல்யாண வீட்டில் எனக்கு இலை போட்டுவிட்டு ஆளைக் காணவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் “விளம்புகிறவர்கள் எங்கே?” என்று கேட்டேன். அவர் ஒலிபெருக்கிக்காரரைக் கை காட்டினார்.

அவர் மேலும் தப்பில்லை. விளம்பரம் என்ற சொல்லை வைத்து யோசித்திருப்பார். எங்களுக்கு இலையில் வைப்பது விளம்புவது, உங்களுக்கு ஊரார் காதில் போடுவது விளம்புவது.

மாடக்குளத்தான்:

நாஞ்சில்காரர் நல்ல முனையைப் பிடித்துக் கொடுத்தார். இந்தப் பட்டியலில் பாதிச் சொற்களுக்கு ‘சொல்’ என்பது இன்னொரு பொருள்தான். அந்த மற்றப் பொருளைத் தெரிந்துகொண்டால் எந்த வாக்கியத்தில் வைப்பது என்பது தானாகப் பிடிபடும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘பகர்’ என்றால் விற்பதும் உண்டு. சிலப்பதிகாரத்தில் தெருவில் பண்டம் விற்றுத் திரிபவர்கள் ‘பகர்வனர்’. கூவிச் சொன்னால்தான் விற்கும் என்பதால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆக, ரகசியத்தைக் காதோடு பகர்ந்தான் என்று எழுதுகிறவர்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

‘அறை’ என்றால் அடிப்பது. பறையை அறைந்து செய்தி சொன்ன காலத்தில் அடிப்பதும் அறிவிப்பதும் ஒரே வேலை. ரகசியத்தை வைத்துக்கொள்ளத் தெரியாத கயவரை வள்ளுவர் ‘அறைபறை அன்னர்’ என்கிறார் (குறள் 1076). இன்று அது கன்னத்திலும் ‘அறைகூவல்’ என்ற சொல்லிலும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தண்டோராவுக்கே 2022-இல் தமிழக அரசு தடை போட்டுவிட்டது. ‘பறைசாற்று’ மட்டும் மேடைப் பேச்சில் ஓய்வில்லாமல் ஒலிக்கிறது.

‘இயம்பு’ வாத்தியத்தின் சொல். இயம் என்றாலே இசைக்கருவி. முரசு இயம்பும், சங்கு இயம்பும். அந்தப் பையனின் பொய் ஏன் இடிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விடை கிடைக்காது: அவன் சத்தமில்லாமல் முணுமுணுத்த பொய்க்கு முரசின் வினையைக் கொடுத்துவிட்டான்.

‘செப்பு’ தொல்காப்பியத்தில் விடை. ‘செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்’ என்பது சூத்திரம். கேள்வியும் பதிலும் பிசகாமல் பார்த்துக்கொள் என்று பொருள். ‘கழறு’ என்றால் இடித்துச் சொல்வது, அதாவது நண்பன் தவறும்போது சொல்வது. ஆனால் கழறிற்றறிவார் என்ற சேரமான் பெருமாள் நாயனார் பெயரில் அது எல்லா உயிர்களும் பேசுவதைக் குறிக்கிறது. அங்கே இடிப்பு இல்லை. ‘நுவல்’ பழைய நூல்களுக்குள்ளும் ‘கிளத்து’ ‘கிளவி’ என்ற இலக்கணச் சொல்லுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டன. அவற்றைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

‘உரை’ மட்டும் நம் ஊர்ச் சொத்து. இறையனார் அகப்பொருள் என்ற இலக்கண நூலின் 60 சூத்திரங்களுக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கொரு உரை சொல்ல, எது மெய்யான உரை என்று தீர்மானிக்க வாய் பேசாத பிள்ளை உருத்திரசன்மனை உட்கார வைத்தார்கள் என்பது பழைய கதை. நக்கீரர் சொன்னபோது பிள்ளை கண்ணீர் விட்டானாம். பொன்னைக் கல்லில் தேய்ப்பதும் உரைத்தல்தான். தேய்த்துத் தரம் காட்டுவது, சொல்லிப் பொருள் காட்டுவது. அதனால் ‘உரை’க்கு எடை அதிகம். “கடைக்குப் போகிறேன் என்று உரைத்தான்” என்றால் சிரிப்பு வரும். ‘எடுத்துரைத்தான்’ என்றால் வராது, ஆனால் எடுத்துரைக்கிற அளவுக்கு விஷயம் வேண்டும்.

பேப்பர்காரர்:

எல்லாம் சரி. ‘நவில்’ எங்கே போயிற்று? கல்யாண மண்டபத்தில் “நன்றி நவில்கிறோம்” என்று பேனர் வைக்கிறார்களே.

மாடக்குளத்தான்:

வேண்டுமென்றே விட்டேன். ‘நவில்தொறும் நூல்நயம்’ என்ற குறளில் (783) நவில்வது என்றால் கற்பது, திரும்பத் திரும்பப் பயில்வது. நன்றியைப் பயிற்சி செய்கிறார்களா? ‘நன்றி கூறுகிறோம்’ என்றால் என்ன குறைந்துவிடும்?

பேப்பர்காரர்:

இங்கே உங்களோடு நான் உடன்படவில்லை. சொல்வது என்ற பொருளும் நவிலுக்கு நிகண்டுக் காலத்திலிருந்தே இருக்கிறது. அந்தப் பட்டியலே சாட்சி. ஆயிரக்கணக்கான பேனர்களில் பழகிப்போன பிறகு ‘நன்றி நவிலல்’ ஒரு தொடராக நின்றுவிட்டது. நவிலுக்கு இன்று இருக்கும் ஒரே வீடு அதுதான், அதையும் இடிக்கவா? எனக்கு உறுத்துவது, அதே பேனர்காரர் “வாழ்த்து நவில்கிறோம்”, “இரங்கல் நவில்கிறோம்” என்று எல்லாவற்றையும் நவிலத் தொடங்கும்போதுதான்.

புதுத்தமிழ் ஆர்வலன்:

எல்லோரும் ‘இது இங்கே வராது, அது அங்கே வராது’ என்று வேலி போடுகிறீர்கள். பயன்படுத்தினால்தானே சொல் வாழும்? வள்ளுவரே ஓர் அதிகாரத்துக்கு ‘இனியவை கூறல்’ என்றும் இன்னோர் அதிகாரத்துக்குப் ‘பயனில சொல்லாமை’ என்றும் பெயர் வைத்திருக்கிறார். அவருக்கில்லாத கட்டுப்பாடு அந்தப் பையனுக்கு எதற்கு? பகரட்டும், இயம்பட்டும், நாளடைவில் பழகிவிடும்.

மேலூர்க்காரி:

தம்பி, வள்ளுவர் அந்த இரண்டுக்கும் நடுவில் ‘புறங்கூறாமை’ என்றும் வைத்திருக்கிறார். அதைப் ‘புறம்பேசாமை’ என்று மாற்றினாலும் நமக்குப் புரியும். ‘புறமியம்பாமை’ என்று மாற்றினால்? ஆள் இல்லாதபோது மெதுவாகச் செய்கிற காரியத்துக்கு மேளம் வைத்த மாதிரி ஆகிவிடும். கோள் சொல்வதையும் குறி சொல்வதையும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊருக்குக் கோடாங்கியோடு வருகிறவர் குறி சொல்வார். குறி கூறினார் என்றால் அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிடும்.

கீழமாசி வீதி:

தம்பி, கடைக்கு வந்து “அரை கிலோ துவரம்பருப்பு என்ன விலை, பகர்க” என்று கேளுங்கள். பத்து ரூபாய் குறைத்துத் தருகிறேன். பழகட்டும்.

பேப்பர்காரர்:

ஆர்வலன் கேட்பதில் ஒரு நியாயம் உண்டு, தள்ளிவிட முடியாது. பழைய சொல் திரும்பி வருவது நடக்கிற காரியம்தான். ஆனால் தனியாக வருவதில்லை, ஒரு வேலையோடு வருகிறது. மாநகராட்சி மாமன்றக் கூட்டத்தில் ஒருவர் தீர்மானத்தை முன்மொழிகிறார், இன்னொருவர் வழிமொழிகிறார். ‘மொழிந்தான்’ என்று வெறுமனே எழுத யாருக்கும் துணிவு வராது. முன்னும் வழியும் சேர்ந்ததும் யாருக்கும் கூச்சமில்லை. உறுதிமொழி, வாய்மொழி எல்லாம் அப்படித்தான் நிலைத்தன. ‘பகர்’ திரும்பி வர வேண்டுமென்றால் அதற்கொரு வேலை கண்டுபிடித்துக் கொடுங்கள். பொய்யின் வேலை ஏற்கெனவே ‘சொல்’லிடம் இருக்கிறது.

புதுத்தமிழ் ஆர்வலன்:

ஏலத்துக்கு வைத்துக்கொள்ளலாமே. ‘ஏலம் பகர்ந்தார்’. விற்பதும் இருக்கிறது, உரக்கச் சொல்வதும் இருக்கிறது.

மாடக்குளத்தான்:

இது நன்றாக இருக்கிறது. முன்னே சொன்னதை மறுத்து எழுத எனக்கு இதில் எதுவும் அகப்படவில்லை.

டியூஷன் டீச்சர்:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நாளை வகுப்புக்கு ஒரு பயிற்சி எழுதிவிட்டேன். கோடிட்ட இடத்தில் எது பொருந்தும் என்று மட்டும் கேட்காமல், பொருந்தாத ஒன்றை வைத்து, ஏன் இடிக்கிறது என்று எழுதச் சொல்லப்போகிறேன். வாக்கியங்கள் இவை: “நீதிபதி தீர்ப்பு ——.” “பாட்டி பேரனுக்குக் கதை ——.” “பெரியப்பா வீட்டுக்கு யாரும் கேதம் ——.” “உறுப்பினர் தீர்மானத்தை ——.” “ஊரெல்லாம் அப்படித்தான் ——.” “தவறு செய்த நண்பனிடம் அவன் முகத்துக்கு நேரே ——.” கடைசி வாக்கியத்துக்கு யாராவது ‘கழறினான்’ என்று எழுதினால் முழு மதிப்பெண் கொடுப்பேன், ‘இடித்துச் சொன்னான்’ என்று எழுதினால் அதற்கும் கொடுப்பேன்.

கீழமாசி வீதி ஐயா, ‘கூறுகெட்டவன்’ விஷயம்: அங்கே கூறு என்பதை விவரம், பாகுபாடு தெரியும் அறிவு என்று கொள்ளலாம். தாத்தா அன்போடுதான் சொல்லியிருப்பார்.

கீழமாசி வீதி:

அன்போடு இல்லை டீச்சர். எடைக்கல்லை மாற்றி வைத்துவிட்டேன்.

நாஞ்சில் வரவு:

ஐந்தாவது வாக்கியத்துக்கு இரண்டு விடை வருமே. ‘சொல்கிறார்கள்’, ‘பேசிக்கொள்கிறார்கள்’ இரண்டும் சரி.

பேப்பர்காரர்:

வரட்டும். இரண்டையும் எழுதச் சொல்லி, எதை நம்பலாம் என்று கேளுங்கள்.

தெற்குவாசல்:

திட்டு, ஏசு, வை இந்த மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? எங்கள் வீட்டில் அப்பா வைவார், அம்மா திட்டுவார். திருநெல்வேலி மாமா வந்தால் ஏசுவார். அதையும் இங்கேயே கேட்கலாமா?

மாடக்குளத்தான்:

அதற்குத் தனி இழை தொடங்குங்கள். “அப்பா பேசுவார்” என்றாலும் எங்கள் பக்கம் வைவதுதான் என்பதை அதில் முதல் வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.